அவர் கூண்டில் ஏற வேண்டும்

என்னை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவை என்னையே உட்கார வைத்து டைப் அடிக்கச் சொன்னார் எங்கள் சூப்பிரண்டு.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய ஒரு சர்க்கார் ஆபீஸ் அது. எந்த ஆபீஸ் என்று எழுதப்போவதில்லை. அந்த மனிதரின் பெயரையும் எழுத மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். என் கையால் அந்தப் பெயரை இன்னொரு தடவை எழுதப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

என் டைப்ரைட்டரைத் தன் அறைக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பஞ்சுப் பொதி ஏற்றிய தோணிகள் தூரத்தில் நின்ற கப்பலை நோக்கிப் போவதைப் பார்த்தபடியே இங்கிலீஷில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். "இந்த அலுவலகத்தின் டைப்பிஸ்ட், வேலையில் திறமைக் குறைவு காரணமாகவும், கவனக் குறைவு காரணமாகவும்…" என்று ஆரம்பித்தபோது என் கை ஒரு நொடி நின்றது. அந்த ஆபீஸில் டைப்பிஸ்ட் நான் ஒருத்திதான்.

அவர் திரும்பிப் பார்த்தார். "ஏன் நின்னுட்டே? அடி."

அடித்தேன். அழுகை வரவில்லை. வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை புரண்டது. ஒரு எழுத்துகூடப் பிசகக் கூடாது என்று ஒரு வெறி வந்தது எனக்கு. அந்த ஆபீஸில் நான் அடித்த காகிதங்களிலேயே அதுதான் மிகச் சுத்தமானது. உருவிக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் படித்துப் பார்த்து ஒரு திருத்தமும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். ஒரு பிரதியை என்னிடமே நீட்டி, "நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார்.

நான் சாயர்புரத்துப் பெண். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன், பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங் பழகினேன். யுத்தத்தில் ஆள் பற்றாமல் போனபோது சர்க்கார் ஆபீஸ்களில் பெண்களையும் எடுத்தார்கள். சென்னையிலிருந்த பெரிய துரை கையெழுத்திட்டு என்னைத் தூத்துக்குடிக்கு நியமித்தார். ஆபீஸில் என்னைத் தவிர எல்லோரும் ஆண்கள். பெண்ணுக்கென்று ஒரு கக்கூஸ்கூடக் கிடையாது. அவசரத்துக்குத் தெருவைக் கடந்து கன்னியாஸ்திரீகள் மடத்துக்குப் போய் வருவேன். போய் வரும் நேரத்தைச் சூப்பிரண்டு கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கு வைத்துக்கொள்வார். கிளார்க்குகள் பீடி குடிக்க எழுந்து போனால் அவருக்கு அந்தக் கடிகாரம் கண்ணில் படாது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கல்யாணமான பிறகுதான் தொந்தரவு முற்றியது. என் வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். நான் தாலி கட்டிக்கொண்டு வேலைக்கு வந்த முதல் நாளே, "கல்யாணம் ஆயிடுத்து, இனிமே என்ன வேலை?" என்றார் சூப்பிரண்டு. அதே மாதம் ஒரு கிளார்க்குக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. அவருக்கு ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து வெள்ளித் தட்டு வாங்கிக் கொடுத்தார்கள், சூப்பிரண்டுதான் அதைக் கையில் எடுத்துக் கொடுத்தார். எனக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் என் மேஜையை வராந்தாவுக்கு மாற்றினார்கள். உப்புக்காற்றில் காகிதம் பறக்கும், டைப்ரைட்டர் துருப்பிடிக்கும். பிறகு அதையே கவனக் குறைவு என்றார்கள்.

உத்தரவோடு வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் வாசித்துவிட்டு அதை மடித்து என் கையில் கொடுத்தார்.

"விட்டுரு, ஏளா. பிள்ளை பிறக்கட்டும். வேற எங்கனயாச்சும் பாத்துக்கிடலாம்."

"எனக்கு வேற வேலை வேண்டாம்" என்றேன். "அந்த ஆளு தலைகுனிஞ்சு நிக்கத நான் பாக்கணும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கல்யாணமாகி அதுவரை என் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை அவர் கேட்டதில்லை. நானும்தான் கேட்டதில்லை.

ஊரில் பேர் பெற்ற ஒரு வக்கீலிடம் முதலில் போனேன். அவர் உத்தரவைத் தொடக்கூட இல்லை. "சர்க்காரை எதுத்து வழக்கா? வீட்டுக்காரரை அனுப்புங்கம்மா, பேசுவோம்" என்றார். இன்னொருவர், சூப்பிரண்டு தனக்கு வேண்டியவர் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். மூன்றாவதாகப் பார்த்தவர் புன்னைக்காயல்காரர். கடலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்து, அந்தக் குடும்பத்திலேயே முதலாவதாகக் கறுப்புக் கோட்டுப் போட்டவர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூடுதல் இருக்கும். மாதா கோவிலுக்குப் பின்னால் ஒரு சின்ன மாடி அறையில் இருந்தார். கட்சிக்காரர்கள் அதிகம் இல்லை என்பது நாற்காலிகளில் இருந்த தூசியிலேயே தெரிந்தது.

அவர் உத்தரவை இரண்டு தடவை வாசித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தங்கச்சி, ஒன்னைய வேலைக்கு எடுத்தது யாரு?"

"மெட்ராஸ்ல இருக்க பெரிய தொரை."

"நீக்கினது?"

"இங்கன இருக்க சூப்பிரண்டு."

அவர் மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. என் பிழைப்பு போயிருக்கிறது, இவர் சிரிக்கிறாரே என்று எழுந்துவிட்டேன்.

"உக்காரு, உக்காரு. சிரிக்காம என்ன செய்ய? ஒருத்தரு வேலைக்கு எடுத்தா, அவருக்குக் கீழ இருக்கவரு நீக்க முடியாது. சட்டத்துல தெளிவா இருக்கு. அதோட, நீக்குறதுக்கு முன்னால ஒம்மேல என்ன குத்தம்னு சொல்லி, நீ என்ன பதில் சொல்லுதன்னு கேக்கணும். கேட்டாரா?"

"கேக்கல. டைப் அடிக்கத்தான் சொன்னாரு."

"எதை?"

"இதைத்தான்."

சிரிப்பு அவர் முகத்திலிருந்து போய்விட்டது. உத்தரவை மறுபடி எடுத்து, இந்தத் தடவை மெதுவாக, எழுத்தெழுத்தாகப் பார்த்தார். "இதை நீயா அடிச்ச?" என்று இன்னொரு தடவை கேட்டார். தலையசைத்தேன். "நான் கேஸை எடுத்துக்கிடுதேன்" என்றார்.

சர்க்கார் மேல் வழக்குப் போட வேண்டும் என்றால் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். அதற்குள் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதுகூட நான் அந்த மனிதர் கோர்ட்டில் வியர்த்துக் கொட்டி நிற்பதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். பாலோடு விஷமும் போகுமோ என்று மாமியார் பயந்தார். "ஏளா, பிள்ளை மொகத்தைப் பாத்துச் சிரி. அந்த ஆளை நெனைச்சுப் பல்லைக் கடிக்காத" என்பார். பிள்ளை நன்றாகத்தான் வளர்ந்தது.

ஊரில் பேச்சு வேறு விதமாக ஓடியது. சூப்பிரண்டு என்னிடம் ஏதோ தப்பாக நடந்துகொண்டார், நான் ஒத்துக்கொள்ளாததால் நீக்கினார் என்று சிலர். இல்லை, நான்தான் சரியில்லாதவள் என்று வேறு சிலர். இரண்டும் இல்லை, வெறும் வயிறு பெருத்ததுதான் காரணம் என்று சொன்னால் யாரும் நம்பத் தயாராக இல்லை. அது ஒரு காரணமாக யாருக்கும் படவில்லை.

வழக்குச் சப்-கோர்ட்டில் எடுக்கப்படுவதற்கு முன்பு வக்கீல் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல சேதி கொண்டு வந்திருப்பவர் முகத்தோடு வந்தார்.

"தங்கச்சி, ஒரு மனு குடுக்கப் போறேன். சட்டப் பாயிண்டை மட்டும் முதல்ல எடுத்து விசாரிக்கணும்னு. யாரு நியமிச்சா, யாரு நீக்கினா, ரெண்டும் காகிதத்துல இருக்கு. சாட்சியே வேண்டாம். நீயும் கூண்டுல ஏற வேண்டியதில்ல. ரெண்டு வாய்தாவுல முடிஞ்சிரும்."

"அவரு ஏறுவாரா?"

"அவரு எதுக்கு ஏறணும்? அதான் சாட்சியே வேண்டாங்கேன்ல."

"அப்ப அந்த மனு வேண்டாம்."

வக்கீல் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"இங்க பாரு. அவரு ஏறணும்னா முதல்ல நீ ஏறணும். சர்க்கார் வக்கீலு ஒன்னைய என்ன வேணும்னாலும் கேப்பாரு. அப்புறம் அவரு ஏறி என்ன வேணும்னாலும் சொல்லுவாரு. ஒரு பொம்பளையப் பத்தி நாலு பேரு முன்னால சொல்லிட்டா, அப்புறம் தீர்ப்பு வந்து அதை அழிக்காது. ஜெயிச்ச கேஸைத் தூக்கிக் கடல்ல போடாத."

"அண்ணாச்சி, எனக்கு வேலை திரும்பக் கிடைச்சாப் போதும்னா நான் ஒங்ககிட்ட வந்திருக்க மாட்டேன். வேற வேலை தேடியிருப்பேன். எல்லாருக்கும் முன்னால நின்னு, எதுக்காக என்னைய வெரட்டினாருன்னு அவரு வாயால சொல்லணும். அவரு கூண்டுல ஏறணும்."

வக்கீல் சொன்னார்: "சரி. ஆனா ஒண்ணு. இந்தக் கோவத்தை என்கிட்ட குடுத்துரு. நீ கூண்டுல நிக்கும்போது ஒன்கிட்ட அது இருக்கக் கூடாது."

கொடுக்க முயன்றேன். சர்க்கார் வக்கீல் என்னைக் கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் பொறுமையாகவே பதில் சொன்னேன். ஆபீஸ் நேரத்தில் மடத்துக்கு ஏன் போனாய் என்றார். காரணத்தைச் சொன்னேன். கோர்ட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெண்களுக்கு அங்கே இடம் இருந்ததா இல்லையா என்று நீதிபதியே குறுக்கிட்டுக் கேட்டார், இல்லை என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டதும் சிரிப்பு நின்றது. "நீ சூப்பிரண்டைப் பழி வாங்கத்தானே இந்த வழக்கைப் போட்டிருக்கிறாய்?" என்றார் சர்க்கார் வக்கீல். பொய் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். "ஆமா" என்றேன். என் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

மறு வாய்தாவில் சூப்பிரண்டு ஏறினார். சலவைக் கோட்டு, தலைப்பாகை, நெற்றியில் பளிச்சென்று திருநீறு. முதல் பெஞ்சில், கைக்குழந்தையோடு, அவருக்கு நேர் எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சர்க்கார் வக்கீல் எடுத்துக்கொடுக்க எடுத்துக்கொடுக்க, என் வேலையில் பிழை மலிந்திருந்தது, பல தடவை வாயால் எச்சரித்தேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில், யாரும் கேட்காமலே, "அவளுடைய நடத்தையும் ஒரு கௌரவமான ஆபீசுக்கு ஏற்றதாக இல்லை" என்றார்.

பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. என் வீட்டுக்காரர் வாசல் ஓரமாக நின்றிருந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை விசிலால் அடக்குகிற மனிதர், காது மடல் சிவந்துபோய் நின்றார். வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு என் வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. அந்த உத்தரவைச் சூப்பிரண்டிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"இதில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"இதை டைப் அடித்தது யார்?"

"ஞாபகம் இல்லை."

"உங்கள் ஆபீஸில் அப்போது எத்தனை டைப்பிஸ்டுகள்?"

"ஒருவர்."

"அப்படியானால் யார் அடித்திருப்பார்?"

அவர் தொண்டையைக் கனைத்தார். "வாதிதான் அடித்திருக்க வேண்டும்."

"சரி. பிழை மலிந்த வேலை செய்கிற ஒரு டைப்பிஸ்ட், தன் வேலை போகிற உத்தரவைத் தானே அடித்திருக்கிறார். அதில் ஒரு பிழையைக் காட்டுங்கள். அவசரமில்லை. கண்ணாடி வேண்டுமானால் என்னுடையதைத் தருகிறேன்."

அவர் வாசித்தார். மேலிருந்து கீழே வாசித்து, மறுபடி மேலே போனார். நான் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தலைப்பாகைக்குக் கீழே வியர்வை திரண்டு திருநீற்றைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. இதைத்தான் பிள்ளைக்குப் பால் கொடுத்த பொழுதெல்லாம் நினைத்திருந்தேன். நினைத்ததைவிட நேரில் நன்றாக இருந்தது.

"பிழை இல்லை" என்றார்.

"உங்கள் கிளார்க்குகளில் கல்யாணமானவர்கள் யாராவது உண்டா?"

"எல்லோருமே."

"கல்யாணம் ஆனதும் அவர்களுக்குத் திறமை குறைந்ததா?"

"அவர்கள் ஆண்கள்."

"அதனால்?"

"அதனால் என்றால்?" அவர் குரல் ஏறிவிட்டது. அதுவரை காத்த நிதானம் அத்தோடு போயிற்று. "வயித்தைத் தள்ளிண்டு வர்ற ஒருத்தியை வெச்சுண்டு நான் எப்படி ஆபீஸ் நடத்தறது? வெள்ளைக்காரத் துரைமார் வந்து போற இடம். அது ஆபீஸா, பிரசவ ஆஸ்பத்திரியா?"

சர்க்கார் வக்கீல் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். நீதிபதி கையமர்த்திவிட்டு, சாட்சி சொன்னதை வார்த்தை விடாமல் எழுதினார். எழுதி முடித்து, "இவ்வளவுதானா, இன்னும் ஏதாவது உண்டா?" என்று சூப்பிரண்டைக் கேட்டார். என் வக்கீல், "எனக்கு வேறு கேள்விகள் இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. நியமித்தவருக்குக் கீழ்ப்பட்டவர் நீக்கியது செல்லாது, பதில் சொல்ல வாய்ப்புத் தராததும் தவறு, நான் வேலையில் தொடர்ந்து இருப்பதாகவே கருத வேண்டும் என்று எழுதியிருந்தார் நீதிபதி. என் நடத்தையைப் பற்றியோ சூப்பிரண்டின் பேச்சைப் பற்றியோ அதில் ஒரு வரியும் இல்லை.

"பாத்தியா, தங்கச்சி" என்றார் வக்கீல். "சாட்சி ஒண்ணுகூடத் தேவைப்படல. நான் அன்னைக்கே சொன்னேன்."

"எனக்குத் தேவைப்பட்டுது" என்றேன்.

சர்க்கார் மேல்முறையீடு செய்யவில்லை. நான் ஆபீஸுக்குத் திரும்பிப் போனபோது சூப்பிரண்டு அங்கேதான் இருந்தார். வராந்தாவில் கிடந்த என் மேஜையைப் பியூன்கள் உள்ளே தூக்கிப் போட்டார்கள். முதல் சில நாள் அவர் என்னை நேரில் கூப்பிடவில்லை, கையால் எழுதிப் பியூனிடம் கொடுத்தனுப்பினார். நான் விடவில்லை. எழுத்துப் புரியவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் எழுந்து அவர் அறைக்குப் போனேன். வேறு வழியில்லாமல் வாயால் சொல்ல ஆரம்பித்தார். வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, "இன்னொரு தடவை சொல்லுங்க சார், பிழை வந்துரக் கூடாதுல்லா" என்பேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பச் சொல்வார். கிளார்க்குகள் அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். அது சின்ன புத்தி என்று வீட்டுக்காரர் சொன்னார். சின்ன புத்தியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் தினமும் அதைச் செய்தேன்.

கோர்ட்டில் அவர் பேசிய பேச்சு சென்னைக்கு எட்டியது. வழக்கில் சர்க்காருக்குத் தலைகுனிவு வரக் காரணம் என்ன என்று பெரிய துரை விளக்கம் கேட்டிருந்தார். சூப்பிரண்டுக்கு வர வேண்டிய பிரமோஷன் நின்றது. இதெல்லாம் அவருடைய மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கோவிலுக்குப் போய்த் திரும்பி வந்த வேளை, அந்த அம்மாள் குதிரை வண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. யார் என்று சொன்னதும் உட்காரச் சொன்னேன். காப்பி கொடுத்தேன், குடித்தார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். பட்டுப் புடவை கட்டியிருந்தார், ஆனால் தலை சரியாக வாரியிருக்கவில்லை.

"அவர் அனுப்பினார்" என்றார். "உனக்கு அவர் மேல இப்ப மனஸ்தாபம் ஒண்ணும் இல்லைன்னு நீ ஒரு வரி எழுதிக் குடுத்தா, மெட்ராஸ்ல காட்டலாமாம். பிரமோஷன் கிடைச்சுடுமாம்."

"எழுத மாட்டேன்மா."

"இன்னும் என்ன வேணும் உனக்கு? ஊர் முழுக்கச் சிரிக்கறது."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். மனஸ்தாபம் இருக்கு, அதான் எழுத மாட்டேன். இல்லைன்னு எழுதினா அது பொய்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படுவார், அல்லது அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பாயில் உட்கார்ந்து அவருடைய புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குக் கோர்ட்டிலேர்ந்து வந்து அவர் சாப்பிடலை" என்றார். "என்ன நடந்ததுன்னு எனக்குப் பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னா. ஒரு பிழை காட்டுன்னு உன் வக்கீல் கேட்டாராமே?"

"ஆமா."

"காட்ட முடியலையாமே?"

"முடியல."

அவர் வாயைத் தலைப்பால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது, அவர் சிரிக்கிறார். கண்ணில் நீர் வரும்வரை சத்தமில்லாமல் சிரித்தார்.

"இருபது வருஷமா" என்றார், மூச்சு வாங்க. "சாம்பாரில உப்பு இருந்தா பிழை, இல்லைன்னா பிழை. கோலத்தில பிழை. நான் நடந்தாப் பிழை." முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். புடவை மடிப்பைச் சரி செய்தார். மறுபடி ஒரு அதிகாரியின் மனைவியானார். "நான் வந்து கேட்டேன். நீ முடியாதுன்னுட்டே. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"கெஞ்சிக் கேட்டேன்னு சொல்றேன். நீ மனசு இரங்கலை."

"நல்லாச் சொல்லுங்க" என்றேன்.

அவர் வண்டி ஏறிப் போனதும் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்தார். "என்னளா, சண்டை போட்டுட்டாவளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மாள் நம்பிச் சிரித்த சிரிப்பை வெளியே விட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு இப்போதுதான் எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்த பிறகு சூப்பிரண்டுக்கு மாற்றல் வந்தது, பிரமோஷன் இல்லாமல், கடலே தெரியாத ஒரு வறண்ட ஊருக்கு. அவர் கிளம்பிய அன்று ஆபீஸில் எல்லோரும் மாலை வாங்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனார்கள். "நீங்களும் வாங்க, பேருக்கு ஒரு நிமிஷம் நின்னுட்டு வந்திரலாம்" என்று தலைமைக் கிளார்க் கூப்பிட்டார். எனக்கு அடித்து முடிக்க வேண்டிய காகிதங்கள் இருந்தன. ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து அவற்றை அடித்து முடித்தேன்.